கண்ணாடிக்குள் வளர்ந்தவள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. ஆடியும் வில்லையும் பிம்பத்தை எப்படி உண்டாக்குகின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். ‘சமதள ஆடியில் தெரிவது மாய பிம்பம்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. போன வாரம் போட்டோ எடுக்கப் போன ஸ்டுடியோவில் பார்த்தது நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2.

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்... (மழையே இல்லை. விட்டுவிடலாம்.)

இரண்டாவது: ஸ்டுடியோ மூலையில், கண்ணாடிமுன் ஒருத்தி தலைவாரிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் அம்மா. இரட்டையரில் இவள் சின்னவள். இடக் கன்னத்தில் மச்சம். பெரியவளுக்கு அதே மச்சம் வலக் கன்னத்தில். பெரியவள் பள்ளிக்கூட வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். (காத்திருந்தபோது அம்மாவே என்னிடம் சொன்னது.)

கண்ணாடியில் இடம் வலமாகும்.* அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வளர்ந்து, வேலைக்குப் போகிற வயதில், பெரியவள் எதிரே நிற்கிறாள்.

“தம்பி, கண்ணாடியில தெரியற மாதிரியே இன்னொண்ணு போட்டுத் தருவீங்களா? வீட்டுல மாட்டணும்.”

“அதுக்கென்னம்மா, திருப்பிப் போட்டாப் போச்சு,” என்றார் ஸ்டுடியோக்காரர். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. சீப்பு பாதியில் நின்றது.

“யாரை மாட்டப் போறே?”

அம்மாவின் கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

* உண்மையில் ஆடி இடவலத்தை மாற்றுவதில்லை, முன்பின்னைத்தான் மாற்றுகிறது. பாடத்தில் விளக்குகிறேன். அந்த அம்மாவிடம் போய் விளக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

3.

சின்னவளை முதலில் கோபக்காரியாக எழுதினேன். “செத்தவளுக்கு இருக்கற மதிப்பு எனக்கு...” அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது கோபம் அல்ல, பயம். இத்தனை வருடமும் தன் முகத்தில் அம்மா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்ற பயம்.

இங்கே பாடம் குறுக்கே வருகிறது. கேமரா வில்லைக்குப் பின்னால் கதிர்கள் நிஜமாகவே ஒன்று கூடும். திரை வைத்துப் பிடிக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதிரும் கிடையாது. பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்தான் பின்னோக்கி நீட்டிக்கொண்டு போய், அங்கே ஓர் ஆளை நிறுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

4.

முடிவு (அ): போட்டோ திரும்புகிறது. பெரியவள் சுவரேறுகிறாள். சின்னவள் தினமும் அதன்கீழ் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

முடிவு (ஆ): அம்மா அழுது மன்னிப்பு... (இதை நானே நம்பவில்லை.)

நடந்த வரைக்கும் சொல்கிறேன். “அம்மா, கண்ணாடியைப் பாக்காதே. நான் இங்க இருக்கேன், இங்க பாரு,” என்று சின்னவள் திரும்பி நின்றாள். மகள் முகம் இப்போது அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில். கண்ணாடியில் வெறும் பின்னந்தலை. அம்மா இன்னும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தத் தலை திரும்பும் என்பதுபோல.

“நீங்க மொதல்ல வாங்க,” என்று ஸ்டுடியோக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கண்களை மகள் பக்கம் நானாகத் திருப்பினால் பொய்யாகிவிடும். அப்படியே விட்டுப்போகவும் மனம் வரவில்லை. சின்னவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் திருப்புங்கள்.