எக்ஸ்ரேக்காவின் நிழல்

அரசு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, எக்ஸ்ரேக்காவின் நிழலில் எலும்பு தெரியத் தொடங்கியது. பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் முதலில் பார்த்தார். மற்றவர்களின் நிழல் தார்ச்சாலையில் ஒரே கறுப்பாக விழுந்திருக்க, இவளுடையதில் மட்டும் விலா எலும்புகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன. வாத்தியார் நிதானமாக எண்ணிவிட்டு, "பன்னெண்டு ஜோடி. சரியாத்தாம்மா இருக்கு" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது.

முதல் வாரம் தெருவே திரண்டு வந்து பார்த்தது, இரண்டாவது வாரம் பிள்ளைகள் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார்கள், மூன்றாவது வாரம் யாருக்கும் அதில் சுவாரசியம் இல்லை. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வராத கவலை ஒன்று இருந்தது, அது பெரிய கவலை. ஆனால் நிழலுக்கு இன்னொரு குணமும் உண்டு என்பதை அவள் மட்டும் வீட்டுக்குள் கண்டுபிடித்தாள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தாயின் நிழல் பெண்ணின்மேல் விழுந்தது. தரையில் விழுந்த பெண்ணின் நிழலில் முதுகுத் தண்டு, சின்னச் சின்ன மணிகளாக, மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. எக்ஸ்ரேக்கா பாதிப் பின்னலோடு விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். அன்றிலிருந்து வெளிச்சத்தில் மகளின் பக்கத்தில் போவதில்லை. வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நடப்பாள், விளக்கு எங்கே எரிகிறது என்று பார்த்துத்தான் உட்காருவாள். மின்சாரம் போனால் மட்டும் ஓடிவந்து பெண்ணை மடியில் போட்டுக்கொள்வாள். அதனால் அந்தத் தெருவில் மின்வெட்டுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே பிள்ளை அவள் மகள்தான்.

விஷயம் மேலே போய், கதிர்வீச்சு அளக்கும் அதிகாரி ஒருவர் பெட்டியோடு வந்தார். அவளை வெயிலில் நிறுத்தி, நிழலின் தலையில், நெஞ்சில், காலில் என்று கருவியை வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. 'நிழலில் கதிர்வீச்சு ஏதுமில்லை, பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். எக்ஸ்ரேக்கா நம்பவில்லை. பூஜ்யம் எப்படித் தயாராகிறது என்று அவளுக்குத் தெரியும்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று அது காட்டும். மூன்று மாதத்துக்கொரு முறை அதைத் தலைநகருக்கு அனுப்பி அளந்து வாங்குவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய டெக்னீஷியன் கதவுக்கு வெளியே ஒரு ஆணியைக் காட்டினார். "பேட்ஜை இதுல மாட்டிட்டு உள்ள வாம்மா. அளவு ஏறிச்சுன்னா ரூமைப் பூட்டி சீல் வச்சிடுவான். ரிப்பேருக்கு ஆள் வர ஆறு மாசம். அதுவரைக்கும் நெஞ்சு வலிக்காரனும் கால் ஒடிஞ்சவனும் ரெண்டு மணி நேரம் பஸ்ல போகணும். பாவம் இல்லையா?" என்றார். அவர் பேட்ஜும் அங்கேதான் தொங்கியது. பாவம்தான் என்று அவளும் மாட்டினாள். அறையின் ஈயக் கதவு கீல் தொய்ந்து ஒரு விரல் இடைவெளி விட்டே மூடும். போட்டுக்கொள்ளும் ஈய அங்கி மடித்து மடித்து வெடித்திருந்தது. அழுகிற குழந்தைகளைப் படம் எடுக்கும்போது பெற்றவளை வெளியே அனுப்பிவிட்டு இவளே பிடித்துக்கொள்வாள். இருபத்து மூன்று வருஷம் ஆணி பூஜ்யம் என்று பதிவாயிற்று, சந்தேகமில்லாமல் அந்த ஊரிலேயே பத்திரமாக இருந்த ஆணி அது. பெரிய டெக்னீஷியன் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் ரத்தத்தில் புற்றுநோய் வந்து ஏழு மாதத்தில் போய்விட்டார். பதிவேட்டில் அவரும் பூஜ்யம்.

புற்றுநோய் எக்ஸ்ரேக்காவின் வீட்டுக்கும் புதிதல்ல. அவள் புருஷன் அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற லேப்காரர். கல்யாணத்துக்கு முன்பே யாருக்கோ குத்திய ஊசி அவர் விரலில் குத்தி, மஞ்சள் காமாலை வந்து, சரியாகவும் போய்விட்டது. சரியாகிவிட்டது என்று அவரே மறந்துவிட்டார். வைரஸ் மட்டும் மறக்காமல் கல்லீரலில் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. பிறகு புற்றாக எழுந்து நான்கு மாதத்தில் அவரை முடித்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று மகள் பிறந்த அன்றே காமாலைத் தடுப்பூசி போட்டு, மூன்று தவணையும் தவறாமல் முடித்திருந்தாள் எக்ஸ்ரேக்கா. எக்ஸ்ரே அறையின் வாசற்படியைக்கூட மிதிக்கவிட்டதில்லை. நிழலையும் தள்ளி வைத்தாயிற்று. பெண்ணுக்கு இனி எந்தப் பக்கமிருந்தும் எதுவும் வராது என்று அவள் தைரியமாக இருந்தாள்.

நாற்பத்தாறாவது வயதில் அவள் நிழலில் ஒரு புள்ளி விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவரில் காலை வெயில் நேராக அடிக்கும், நிழல் உள்ள அளவிலேயே விழும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம், நாலாவது விலா எலும்புக்கு வெளியே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை. மெஷினில் அகப்படாததெல்லாம் நிழலில் அகப்படும். ஓரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். வழவழவென்று இல்லை, பிய்ந்த பஞ்சு மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான படம் பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. படம் எடுக்கிறவர்கள் நோயாளியிடம் எதையும் சொல்லக்கூடாது, டாக்டர் சொல்வார் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும், அது தொழில் வழக்கம். அதே முகத்தைத் தனக்கே வைத்துக்கொண்டு மீதித் துணியையும் காயப்போட்டாள்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. சமையலறை விளக்கை இடம் மாற்றினாள், பெண் வீட்டிலிருக்கும்போது சுவர்ப்பக்கம் நிற்பதில்லை, உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிற நேரம் பார்த்துத்தான் வெளியே போனாள். மகளுக்கு இப்போது இருபத்து நாலு வயது, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவளிடமா மறைக்க முடியும்?

"அம்மா, நாலாவது விலாப்பக்கத்துல அது என்ன?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டாள்.

"எது?"

"நடிக்காதேம்மா. பொத்தான் அளவு இருந்தது இப்ப எலுமிச்சம்பழமா நிக்குது. நீயா வாயைத் திறப்பேன்னு மூணு மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எக்ஸ்ரேக்கா தட்டிலேயே கையைக் கழுவினாள். "உனக்கு யாருடி இதெல்லாம் பாக்கச் சொல்லிக்குடுத்தது?"

"உன் நிழலைப் பாத்துதானே நான் எலும்பு எண்ணவே கத்துக்கிட்டேன். தள்ளி நின்னு பாக்குறதுக்கு எனக்கு வேற என்ன இருந்துச்சு?"

புற்றுநோய் டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார். எக்ஸ்ரேக்கா அந்தத் தேதியைக் காதில் வாங்கவே இல்லை. எதனால் வந்தது என்பதுதான் அவளுக்கு வேண்டும். டாக்டர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்கு வைரஸ். உங்க பெரிய டெக்னீஷியனுக்குக் கதிரா இருக்கலாம். சில வீட்டுல பிறக்கும்போதே அப்பா அம்மா குடுத்துவிட்ட குறை. வர்ற வழிதான் வேற வேறம்மா, உள்ளே போய்ச் செய்யிற வேலை ஒண்ணுதான். எப்ப பெருகணும், எப்ப நிறுத்தணும்னு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எழுதியிருக்கு. அந்த எழுத்து கெட்டுப்போச்சுன்னா நிறுத்தத் தெரியாம பெருகிக்கிட்டே போகும். ஒரு எழுத்து கெட்டா தாங்கும். பல எழுத்து கெடணும், அதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆகுது. உங்கம்மா எதுல போனாங்க?"

"இதுலதான். நாப்பத்து மூணு வயசுல. பெரியம்மா நாப்பத்து ஒண்ணுல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த மகளைக் கதவு வழியாகப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எக்ஸ்ரேக்காவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அம்மாவால இல்ல சார். மெஷினாலதான். கதவு மூடாது சார். குழந்தைங்களை நான்தான் பிடிச்சுப்பேன். மெஷின்தான்னு எழுதுங்க சார்."

"உங்க ரெக்கார்டு முழுக்கப் பூஜ்யமா இருக்கேம்மா."

"அது ஆணியோட ரெக்கார்டு சார்" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் இதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான். டாக்டர் கோபப்படவில்லை. அளவு தெரிந்திருந்தால் ஏதாவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இப்போது கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். பிறவியிலேயே விரிசல் இருந்து அதன்மேல் கதிரும் இடித்திருக்கலாம் என்றார். ரத்தத்தைச் சோதித்தால் பிறவிக் குறை உண்டா என்று ஐந்து வாரத்தில் தெரிந்துவிடும், உண்டென்றால் மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் காதில் பாதிக்குப் பாதி மட்டுமே நின்றது.

அந்த ஐந்து வாரத்தில் இடது மார்பை எடுத்தார்கள். நிழலில் அந்தப் பக்கம் விலா எலும்புகள் இன்னும் பளிச்சென்று ஆயின. எக்ஸ்ரேக்கா வலியைப் பொருட்படுத்தவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, கீழ்த்தளத்தில் ஓடுகிற பழைய மெஷினின் உறுமலைக் கேட்டுக்கொண்டு, 'நீயா இரு, நீயா இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று அதைக் கெஞ்சினாள். தன்னைக் கொல்வது மெஷின்தான் என்று யாராவது வந்து சொன்னால் அவள் அவர்கள் காலில் விழுந்திருப்பாள். எதிரி வெளியே இருந்தால் அது அவளோடு போய்விடும், ரத்தத்தில் இருந்தால் அவளே கையால் ஊட்டிவிட்ட மாதிரி ஆகும். ஆணியில் மாட்டிய கையை நினைத்து நினைத்து அடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. குறை இருந்தது. மகள் அன்றைக்கே, இவள் கத்திக் கூப்பாடு போட்டும் கேட்காமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டாள். மறுபடி ஐந்து வாரம். எக்ஸ்ரேக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளியே சைக்கிள் மணி கேட்டால் தாய் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். தபால்காரருக்கும் விஷயம் தெரியும், தெருவில் தெரியாதவர் யார், அதனால் அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் மணி அடிக்காமல் போனார். ஐந்தாவது வாரம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் மணி அடித்தார்.

மகள் பின்பக்கத்தில் நின்றபடியே, தபால்காரர் சுற்றிவந்து கொடுத்த உறையைக் கிழித்துப் படித்தாள். படித்துவிட்டுத் துணிக்கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "இருக்கும்மா" என்றாள்.

எக்ஸ்ரேக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவி நான், பாவி" என்று வலது கையால் வெற்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தையல் வலித்தது, அதையும் அடித்தாள். "ஊசி போட்டேனே, ரூம் வாசல்ல விடலையே, நிழல் படாம வளத்தேனே."

"அதைத்தான் நானும் கேக்குறேன்." மகள் குரல் உயர்ந்தது. "பன்னெண்டு வருஷம். ஒருநாள் வெளிச்சத்துல என் பக்கத்துல வந்தியா? காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூடக் கதவோரம் நின்னு கஞ்சியைத் தள்ளிவிட்டே. அது உன் நிழல்ல இல்லவே இல்லம்மா. நான் உன் வயித்துல இருந்தப்பவே எனக்குள்ள வந்தாச்சு. யாரைக் காப்பாத்த என்னைத் தள்ளி வச்சே?"

எக்ஸ்ரேக்கா எழுந்து வீட்டுக்குள் போகப் பார்த்தாள். மகள் குறுக்கே வந்து நின்றாள். வெயில் தாயின் முதுகுப்பக்கம் இருந்தது, நிழல் பெண்ணின் காலுக்கு நாலு விரல் தள்ளி விழுந்திருந்தது. மகள் ஓரடி முன்னே வைத்தாள், தாய் ஓரடி பின்னால் வைத்தாள். தாய் பக்கவாட்டில் நகர்ந்தாள், மகளும் நகர்ந்தாள். தபால்காரர் பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு பேரும் கொடியைச் சுற்றி இரண்டு தடவை வந்தார்கள். "கிட்ட வராதே, வேணாம்டி, சொன்னாக் கேளு" என்று எக்ஸ்ரேக்கா கெஞ்சினாள். மூன்றாவது சுற்றில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டாள். மகள் சுவருக்கு முன்னால் போய், தாயின் நிழல் தன்மேல் முழுசாக விழும்படி, தலையை நிமிர்த்தி நின்றாள்.

சுவரில் இரண்டு பேரின் எலும்பும் ஒன்றாக விழுந்தன. எக்ஸ்ரேக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"பாரும்மா. இனிமே அடிக்கடி பாக்கணும்னுதானே டாக்டர் சொன்னாரு? வேற யார்கிட்ட நான் போய் நிப்பேன்?"

எக்ஸ்ரேக்கா கண்ணைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விலாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க அரையடி வலப்பக்கம் நகர்ந்தாள். "தோளை முன்னால கொண்டா" என்றாள். "மோவாயைத் தூக்கு. மூச்சை இழு. பிடிச்சுக்கோ."

மகள் பிடித்துக்கொண்டாள். தபால்காரரும் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரேக்கா காறை எலும்பிலிருந்து தொடங்கி, இடம் வலமாக, விலா விலாவாக, அக்குள் வரை போய், மறுபடி மேலே வந்து, ஒரு இடத்தில் நின்று, ஒரு எட்டு முன்னால் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, அது சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு என்று தெரிந்து மேலே போனாள்.

"சுத்தமா இருக்கு. மூச்சை விடு" என்றாள்.

மகள் விட்டாள். தபால்காரரும் விட்டார், பக்கத்து வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் இருப்பது நினைவுக்கு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மகள் சுவரைவிட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டுமா என்று கேட்டாள். வெயில் ஏறுகிறது, கடை திறக்கிற நேரம் ஆயிற்று, போய்க் குளி என்று எக்ஸ்ரேக்கா அதட்டினாள். அதட்டிவிட்டு, தானும் நின்ற இடத்திலேயே நின்றாள்.