எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிள்

நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் வாலுவைக் கரைக்குக் கூப்பிட்டு, சிறுவர் டிரையத்லானில் சேர்கிறாயா என்று கேட்டார். முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம் என்று மூன்றையும் நடுவில் உட்காராமல் முடிக்கிற பந்தயம் அது. பத்து வயது வாலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தச் செய்தி அவள் அம்மாவுக்குத் தன் தங்கையின் போனிலிருந்து குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. "அக்கா, வாலு டிரையத்லான் போறாளாமே! சனிக்கிழமை நான் வந்து சைக்கிள் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

குடும்பத்தில் அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெரியவள் அப்போது ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தாள். அதைப் படித்த வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துவிட்டாள். அந்த மனிதர் "ஆ" என்றார்.

பத்து மாதம் சுமந்தவள் இங்கே இருக்கிறாள். முதல் சேதி சித்திக்கு!

சின்னவள் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள். தனியாக இருக்கிறாள், காலையில் எழுந்து ஓடுகிறாள், இரண்டு முறை பெரியவர்களுக்கான டிரையத்லானையும் முடித்தவள். வாலு சாப்பிடும்போதும் சித்தி, தலை வாரும்போதும் சித்தி. "சித்தி அப்படித்தான் செய்வாங்க", "சித்தி கிட்ட கேட்டேன்". பெரியவளின் காதில் அந்தச் சொல் மணலாய் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மதியமே கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பிய பெரியவள், தனியாகச் சைக்கிள் கடைக்குப் போனாள். கண்ணில் முதலில் பட்டது ஒரு சிவப்புப் பந்தய சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடி, விரல் தடிமன் டயர். நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் இருந்தது.

"யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"என் பொண்ணுக்கு. டிரையத்லான் போறா."

"கூட்டிட்டு வந்தீங்கன்னா உசரம் பார்த்துக் குடுப்பேன். இது அவங்களுக்குப் பெரிசா இருக்கப் போகுது."

"வளர்ற பொண்ணு. இருக்கட்டும்."

கண்ணாடிக் கடையில் யாராவது பிள்ளைக்குப் பெரிய ஃபிரேம் கேட்டால், "வளர்ந்தப்புறம் வேற போட்டுக்கலாம், இன்னிக்கு மூக்குல நிக்கணும்ல" என்று சொல்பவள் அவள்தான். இன்று அதெல்லாம் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. சனிக்கிழமை சின்னவள் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

வாலு சைக்கிளைப் பார்த்துக் குதித்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு உள்ளே பால் பொங்கியதுபோல் இருந்தது. அடுத்த நிமிடம் வாலு, "இருங்க, சித்திக்குக் காட்டணும்!" என்று போனைத் தூக்கினாள். பொங்கிய பால் அடுப்பில் வழிந்து போயிற்று.

கணவர் கதவோரம் நின்று, "சைக்கிள் அவளுக்கு வாங்கினியா, உன் தங்கச்சிக்கு வாங்கினியா?" என்றார். அவருக்கு அன்று காபியில் சர்க்கரை விழவில்லை.

சனிக்கிழமை சின்னவள் வந்தாள். வாலுவைச் சைக்கிளின் இரு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொன்னாள். நுனிக்காலில்தான் நிற்க முடிந்தது. "பிரேக்கைப் பிடி" என்றாள். வாலுவின் விரல் நீண்டு நீண்டு எட்டாமல் வழுக்கியது. சின்னவள் குனிந்து பிரேக்குக்கும் விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, குறை கண்டுபிடிச்சாச்சா? சொல்லேன்."

"குறை இல்லக்கா. நல்ல வண்டிதான். ஆனா பந்தயம் பார்க்குல நடக்குது, பாதி தூரம் புல்லும் சரளைக்கல்லும். அப்புறம் இதையேதான் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டப்போறா. எல்லாத்துக்கும் தாங்குற மாதிரி ஒண்ணு, கைக்கு அடக்கமா..."

"பெத்து வளர்த்துப் பாரு. அப்புறம் வந்து எனக்குச் சொல்லு."

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் எடை தெரிந்தது. சின்னவளின் முகம் சுண்டிப்போனது. அவள் வாலுவின் தலையைத் தடவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிட நினைத்த பெரியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குள் ஒரு மூலையில், "போகட்டும்" என்று ஒரு குரல் குளிர்ச்சியாகச் சொன்னது. அந்தக் குளிர்ச்சி பிடித்தும் இருந்தது.

அதன் பிறகு வாலு வீட்டில் சித்தி என்ற சொல்லையே எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் சிவப்புச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போனாள்.

"எப்படி இருக்கு வண்டி?"

"சூப்பர்மா."

பெரியவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் செருப்பு அலமாரியைத் துடைக்கும்போது வாலுவின் ஷூ கையில் வந்தது. வாங்கிப் பல நாள் ஆகாத ஷூ. முன்பக்கம் உரசி உரசித் துணி கிழிந்து, உள்ளிருக்கும் பஞ்சு தெரிந்தது. இரண்டு காலிலும் அதே இடம். திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பிரேக் எட்டாமல் காலைத் தரையில் தேய்த்துத்தான் பிள்ளை வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

வாலுவைக் கூப்பிட்டு முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த சிராய்ப்பு.

"ஏன்டி சொல்லல?"

வாலு தரையைப் பார்த்தாள். "சொன்னா நீங்க திரும்ப சித்தியைத் திட்டுவீங்க."

பெரியவள் அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். சின்னவள் வண்டிக்குள் கட்டுத்துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தும் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் சொன்னது தப்பு" என்றாள் பெரியவள். "வாய் தவறி வந்ததுன்னு சொல்ல மாட்டேன். உன்னை நோகடிக்கணும்னுதான் சொன்னேன்."

"தெரியும்."

"பிரேக் எட்டாம வாலு காலைத் தேய்ச்சுத்தான் வண்டியை நிறுத்தியிருக்கா. ஆனா எதுக்கெடுத்தாலும் அவ உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. எனக்கு வயிறு எரியுது."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் எரியுதா?"

"ம். எரியுது."

"சரி, எரிஞ்சுக்கிட்டே வா. சைக்கிள் கடை சாத்துறதுக்குள்ள போகலாம்" என்று கதவைச் சாத்தினாள். அவள் சிரிக்கவில்லை. கோபம் முழுசாக இறங்கவும் இல்லை. ஆனாலும் வந்தாள்.

வழியில் வீட்டிலிருந்து வாலுவையும் சிவப்புச் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். வாலுவை நிறுத்தி உயரம் பார்த்தார். சின்னவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானதையெல்லாம் ஒதுக்கினாள். கடைசியில் ஒரு சாம்பல் நிறச் சைக்கிள் நின்றது. நேரான கைப்பிடி, மேடு ஏற லேசான கியர். டயர் தடியும் இல்லை, மெலிசும் இல்லை. பிறகு சாலைப் பந்தயத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் ஒல்லி டயர் மாட்டிக்கொள்ளலாம். பிரேக்கைக் கைக்கு நெருக்கமாகத் திருகி வைக்கவும் வழி இருந்தது.

"உங்க பொண்ணு கைக்கு இது கச்சிதமா வரும்மா" என்றான் கடையில் வேலை செய்யும் பையன், சின்னவளைப் பார்த்து.

பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"அம்மா அவங்க" என்றாள் சின்னவள். "நான் கூட வந்தவ."

பெரியவள் வாலுவின் பக்கத்தில் குனிந்தாள். மூக்குக்கும் காதுக்கும் நடுவே மில்லிமீட்டர் பார்க்கிற கண் அவளுடையது. பிள்ளையின் விரல் பிரேக்கின் மேல் எங்கே விழுகிறது என்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ள திருகுங்க. முதல் மடிப்புல பிடிக்கணும், நுனியில இல்ல" என்றாள். கடைக்காரர் திருகினார். வாலு அழுத்தினாள். சக்கரம் டக்கென்று நின்றது.

பந்தயத்தன்று, சைக்கிள் அடுக்கியிருந்த கயிற்று வேலிக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான் கூடப் போகலாம் என்றார்கள். வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சித்தியைக் கூட்டிட்டுப் போ. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் பெரியவள்.

வேலிக்கு வெளியே நின்றபடி, சித்தி ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிவிடுவதையும் வாலு அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பதையும் பார்த்தாள். வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. கணவர் பக்கத்தில் வந்து, "தண்ணி வேணுமா?" என்றார்.

"வாயை மூடிட்டு அங்க பாருங்க."

வாலு நீச்சலில் முன்னணியில் கரையேறினாள். சைக்கிளில் நாலைந்து பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். சரளைக்கல் வளைவில் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். வாலு பிரேக்கை அளவாகப் பிடித்து, வளைந்து, விழாமல் போனாள். ஓட்டமும் முடிந்தபோது நடுவாந்திரமாக ஓர் இடம் கிடைத்தது. முதலில் சித்தியிடம் ஓடினாள். பிறகு அம்மாவிடம் வந்து, வியர்வையும் புல்லுமாக ஒட்டிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

பெரியவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு டப்பாவைச் சின்னவள் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, நீயும் தின்னு. காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்க."