மூச்சைப் பிடிக்கத் தெரியாதவர்

இருபத்தெட்டு வருஷமாக ரயில் நிலையத்து விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர். யார் எதைக் கேட்டாலும் சளைக்காமல் பதில் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு. அவள் பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவார். அன்றைக்கு அவளுக்கு யோகம் என்று அர்த்தம்.

போன வருஷம் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், கணையத்தில் திராட்சை அளவில் ஒரு நீர்க்கட்டி தற்செயலாகத் தென்பட்டது.

"அது வளர்ந்திருந்தாலோ, கணையத்தோட பெரிய குழாய் வீங்கியிருந்தாலோ ஆபரேஷன்தான். இல்லைன்னா வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று எம்ஆர்ஐ. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஸ்கேன் எடுக்கும் பெண் மைக்கில் சொன்னாள்: "மூச்சை இழுத்து அப்படியே பிடிச்சுக்குங்க சார்."

"சரிம்மா!" என்றது இயந்திரத்துக்குள்ளிருந்து குரல். பிடித்த மூச்சு போயிற்று. படம் கலங்கிவிட்டது.

"பதில் சொல்லாதீங்க சார்."

"இனிமே சொல்லலம்மா!"

மூன்றாவது தடவை, "பிடிச்சிட்டேம்மா!"

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த அவளிடம் வந்தாள். "இப்படியே போனா குழாய் தெரியாதும்மா. இன்னொரு நாள்தான் வரணும். மூணு வாரம் ஆகும்."

இன்னும் மூன்று வாரமா? அவள் எழுந்து நின்றாள்.

"அவரு வேலையே அதும்மா. யார் வாயத் திறந்தாலும் பதில் சொல்லிடுவாரு."

"உங்களுக்குமா?"

"எனக்கா? தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு 'ம்' வராது."

அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"ஏங்க, நான்தான். மூச்சை இழுத்துப் பிடிங்க."

உள்ளே சத்தமே இல்லை. திரையில் மூச்சுக் கோடு ஆடாமல் அசையாமல் நீண்டது.

"இப்ப விடுங்க."

ஒன்பது தடவை சொன்னாள். ஒன்பது படமும் பளிச்சென்று வந்தன.

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார். கட்டி அதே அளவுதான். குழாய் நூல் மாதிரி ஒல்லியாக இருந்தது. "அடுத்த வருஷம் வாங்க, போதும்."

படியிறங்கும்போது அவளுக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஊருக்கெல்லாம் பதில் சொல்றீங்க, எனக்கு மட்டும் ஏன் சொல்றதில்ல?"

அவர் நின்றார். "கவுண்டர்ல பதில் கிடைச்சதும் எல்லாரும் போயிடுறாங்க" என்றார். "நீ பேசிக்கிட்டே இரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடுத்த வருஷமும் மைக் எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை.