கடதாசியில் இல்லாத மாடி

நான் குடியிருந்த மாடி கடதாசியில் இல்லை. கடதாசியின்படி அது மொட்டைக் கூரை, தண்ணீர்த் தாங்கி மட்டும் நிற்கும் இடம். வீட்டுக்காரி சிஞ்ஞோரா நுன்சியாவின் புருசன் உயிரோடு இருந்த காலத்தில் அனுமதி எடுக்காமல் அங்கே இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டிவிட்டுச் செத்துப்போனார். இத்தாலியில், பலேர்மோவுக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்த அந்தச் சிறு நகரத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். வீட்டுவரியை மாகாணம் முழுவதுக்கும் பொதுவான ஒரு கொம்பனி எடுத்தது. கொம்பனிக்கு ஊர் தெரியாது. கடதாசியில் எத்தனை மாடி இருக்கிறதோ அத்தனைக்கு வரி. ஒருவரும் மலையேறி வந்து பார்த்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு புதுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வரியை இனித் தானே எடுக்கலாமா என்று நகரசபை யோசிக்கத் தொடங்கியது. கொம்பனிக்குக் கொடுக்கிற தரகு மிஞ்சும், நம்முடைய வீடுகளை நமக்குத் தெரியாதா என்று மேயர் சதுக்கத்தில் நின்று பேசினார். கை தட்டியவர்கள் குறைவு. தெரியும் என்பதுதான் எல்லோருடைய பயமும்.

என்னோடு மாடியில் இருந்தவர் அருளையா அண்ணை. ஊர்காவற்றுறை ஆள். பலேர்மோவில் வியா மக்வேதா என்ற வீதியில் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில் சமையலும் துப்புரவும் அவர் வேலை. செய்தி கேட்டதும் சிரித்தார்.

"தூரத்திலை இருக்கிறவன் வரி எடுத்தா ஒளிக்கலாம் தம்பி. ஊரவன் எடுக்கத் தொடங்கினா முடிஞ்சுது. எங்கடை பக்கத்திலை இயக்கப் பெடியள் எடுக்கேக்கை பாத்தனிதானே? வளவிலை எந்தத் தென்னை காய்க்குது, எது பட்டுப்போச்சு எண்டு எங்களுக்கு முதல் அவங்களுக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி கிளறாவும் மகளும் மன்னாரை விட்டு வந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் முதலில் என் வதிவிடம் பதியப்பட வேண்டும். அதுவும் குடும்பம் இருக்கப் போதுமான வீட்டில். பதிய விண்ணப்பித்தால், ஆள் உண்மையிலேயே அங்கே இருக்கிறானா என்று பார்க்க நகரசபைக் காவலர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். கோடையில் நான் விண்ணப்பித்தபோது சிஞ்ஞோரா பயப்படவில்லை. காவலர் மாடியைப் பார்த்து எழுதுவார், அது நகரசபையின் அலமாரியில் கிடக்கும், வரிக் கொம்பனி வேறு எங்கேயோ. இரண்டும் சந்திக்காது.

இப்போது சந்திக்கப் போகின்றன. மேயரின் பேச்சு முடிந்த மறுநாளே சிஞ்ஞோரா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"கொட்வின், இனி நீ கீழே இருக்கிறாய். என் தையல் அறையில். மேலே சலவைத் துணியும் தண்ணீர்த் தாங்கியும்தான். விளங்கியதா?"

"என் மனைவி வந்தால்?"

"முதலில் காவலர் வந்து போகட்டும். மாடியை எழுதினான் என்றால் அபராதத்துக்கு நான் வீட்டையே விற்க வேண்டும். அதற்கு முதல் உங்கள் இரண்டு பேரையும் வெளியே விடுவேன். கோபிக்காதே."

கோபித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் கட்டில், சவரப் பெட்டி, மடுமாதா படம் எல்லாம் கீழே இறங்கின. துறைமுகத்தில் இரவு முழுவதும் லொறிகளில் இருந்து பெட்டி இறக்குவது என் வேலை. விடிய வந்து மேலே குளித்து, சாப்பிட்டு, கீழே இறங்கி, தையல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் படுப்பேன். அறைக்கு ஜன்னல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிஞ்ஞோராவின் டீவி பகல் முழுக்கக் கத்தும். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டபோது இனி ஒருவருடைய சோதனைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது வாசல் மணி அடிக்கிறதா என்று நித்திரையிலும் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

காவலர் வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். மழை. சல்வோ என்று பெயர், ஊர்க்காரன். சிஞ்ஞோரா அவனைத் தையல் அறைக்குக் கூட்டிவந்தாள். நான் எழுந்து நின்றேன். கட்டிலைப் பார்த்தான், சவரப் பெட்டியைத் திறந்து பார்த்தான், மாதா படத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"எங்கே வேலை?"

"துறைமுகம். இரவில்."

"வெறுங்காலோடா போகிறாய்?"

அப்போதுதான் என் கால்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்த நான் சப்பாத்தை மறந்திருந்தேன். அது மேலே, மாடிக் கதவடியில் கிடந்தது. காலையில் அங்கே கழற்றிவிட்டு உள்ளே போவேன், பிறகு வெறுங்காலோடு கீழே வருவேன். மாதா படம் இருக்கிற அறைக்குள் சப்பாத்தைக் கொண்டுவருகிற பழக்கம் எனக்கில்லை.

"வெயிலில் காயப் போட்டிருக்கிறான்," என்றாள் சிஞ்ஞோரா.

"மழை பெய்கிறது, சிஞ்ஞோரா."

அவள் ஓடிப்போய் செத்த புருசனின் சப்பாத்தை எடுத்துவந்தாள். கூர் மூக்கு, பளபளப்பு, கலியாணத்துக்குப் போட்டதாயிருக்கும்.

"இதோடு பெட்டி இறக்குகிறானா? நடனமும் ஆடுவானோ?" என்று கேட்டுவிட்டு சல்வோ படியேறினான். நான் பின்னால் போனேன். சிஞ்ஞோரா கீழே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

மாடிக் கதவடியில் என் இரும்பு மூக்குச் சப்பாத்தும் அருளையா அண்ணையின் செருப்பும் சோடியாக இருந்தன. வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு லீவு. உள்ளே அவர் மீன் பொரிக்கும் மணம் வந்தது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டு அடுப்பை நிறுத்தியிருக்க வேண்டும், மணத்தை நிறுத்த முடியவில்லை.

"இது ஏன் இங்கே கிடக்கிறது?"

பதற்றத்தில் உண்மையைச் சொன்னேன். "எங்கள் ஆட்கள் சப்பாத்தை வீட்டுக்கு வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்."

"வீட்டுக்கு வெளியில்." அவன் கதவைப் பார்த்தான். "அப்படியென்றால் இதற்குள்ளே இருப்பது வீடு."

நான் சப்பாத்தைக் காலால் ஓரம் தள்ளினேன். பிந்திவிட்டது.

அவன் கதவைத் தட்டவில்லை. குரலைத் தாழ்த்தினான். "இந்த மாடிக்கு மண் ஏறியதை என் சின்ன வயதில் பார்த்தவன் நான். பார்த்ததை நான் எழுதத் தேவையில்லை. நீ வாயால் சொன்னால் எழுத வேண்டும். இன்றைக்கு உன் வதிவிடத்துக்கு மட்டும்தான் வந்தேன். எங்கே இருக்கிறாய்? மேலேயா, கீழேயா?"

மேலே என்றால் வீடு பெரிது, மூன்று பேர் இருக்கலாம். ஆனால் கிளறா வந்து இறங்கும்போது அதற்குள் நான் இருக்க மாட்டேன். கீழே என்றால் நான் இருப்பேன், அவளுக்கு இடமில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே, பலேர்மோவின் பெரிய ரயில் நிலையத்துப் பக்கம் எத்தனையோ கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டேன். தமிழனுக்குப் பதிவோடு வீடு கொடுக்க ஒருவரும் தயாரில்லை.

"கீழே," என்றேன்.

அவன் இறங்கிவந்து தையல் அறையை அடியளந்து எழுதினான். ஒரு ஆள், ஒரு அறை. சிஞ்ஞோரா எனக்குக் கோப்பி கொண்டுவந்தாள், என் கன்னத்தைத் தட்டினாள். நான் கோப்பியைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்தேன். அது ஆறிப்போனது.

காவலர் போனதும் அருளையா அண்ணை இறங்கிவந்தார். "மேலை எண்டு சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா ரெண்டு பேரும் இப்ப றோட்டிலை, அண்ணை."

"அதுவும் சரிதான்." படிப்பக்கம் திரும்பினார். "மீன் பாதிப் பொரியலிலை நிக்குது," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நகரசபைக் கூட்டம் அடுத்த கிழமை நடந்தது. வரியைத் தாங்களே எடுப்பதா என்று வாக்கெடுக்கவில்லை. இன்னும் ஆராய வேண்டும் என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த நாள் சிஞ்ஞோரா மெழுகுதிரி கொளுத்தக் கோவிலுக்குப் போனாள். என் வதிவிடம் பதியப்பட்டு வந்தது. அதை மாற்றி எழுதக் கேட்டால் மாடியைச் சொல்ல வேண்டும்.

ஞாயிறன்று லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, பதிஞ்சாச்சோ?" என்றாள் கிளறா.

"ஓம், பதிஞ்சாச்சு."

"மாதாவே! வீடு எப்பிடி?"

"ஒரு கட்டில் போடலாம்."

அவள் சிரித்தாள். "அது காணும். நானும் பிள்ளையும் நிலத்திலை படுப்பம்."

"நிலத்தையும் அளந்து எழுதிப்போட்டான்," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்துவதற்குள் காசு முடிந்து இணைப்பு அறுந்தது. நான் வீட்டுக்குப் போய், சப்பாத்தை அறைக்குள் கொண்டுவந்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தேன்.