ஃபிரேமுக்கு மேலே ஓர் அடி

தொலைக்காட்சியில் அண்ணன் நான்காவது முறையாக விழுந்தான்.

கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். பிணவறையில் உடலை மூன்று மணிக்கு மேல்தான் தருவார்களாம். அதற்குள் வீட்டை ஒழிக்க வேண்டும். திரையில் இருந்தது கணினியில் செய்த சாம்பல்நிறப் பொம்மை. ஒன்பதாவது மாடிச் சுவருக்கு அது வண்ணம் அடித்தது. கேமரா தெருவிலிருந்து மெல்ல ஏறி, பொம்மையின் இடுப்பை நெருங்கி நின்றது. வெறும் இடுப்பு. பிறகு தொங்குபலகை சரிந்தது. ‘பாதுகாப்பு பெல்ட் அணியாத பெயின்டர் பலி’ என்று கீழே எழுத்து ஓடியது.

“பெல்ட் போடாமயா போனாரு?” அண்ணி சுவரைப் பார்த்துக் கேட்டாள். “இடுப்புல உரசுதுன்னு, முந்தாநாள்தானே உள்ள துணி வச்சுத் தச்சுக் குடுத்தேன்?”

தங்கை தொலைக்காட்சியை அணைத்தாள். அது அவள் வேலை பார்க்கும் சேனல். அந்தப் பொம்மையைச் செய்தது அவளுடைய கிராஃபிக்ஸ் பிரிவு. பையை எடுத்தாள்.

“ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன் அண்ணி.”

“இப்ப எங்க போற?”

“ஆபீசுக்கு.”

அவளைக் கண்டதும் பக்கத்து இருக்கைத் தாடிக்காரன் பதறி எழுந்தான். “சத்தியமா எனக்குத் தெரியாது. பேரு எதுவும் குடுக்கல. கட்டட கம்பெனி அனுப்பின அறிக்கையை வச்சு செய்யச் சொன்னாங்க.”

“தள்ளு.”

மென்பொருளுக்குள் இருக்கும் கேமராவுக்கு லென்ஸும் கிடையாது, கனமும் கிடையாது. இந்த நொடியில் இங்கே நில், அந்த நொடியில் அங்கே போ என்று புள்ளி வைத்தால் போகும். எதைக் காட்டச் சொல்கிறோமோ அதைத்தான் காட்டும். அவள் கேமராவைப் பின்னுக்கு இழுத்தாள். கட்டடம் பாதியில் நின்றது. மொட்டைமாடியே இல்லை. ஃபிரேமுக்குள் வரப்போவதில்லை என்பதால் யாரும் கட்டவில்லை.

செய்தி ஆசிரியர் வந்து பின்னால் நின்றார். “நீ இன்னிக்கு வீட்ல இருக்கணும்மா.”

“வீட்லதான் சார் இருந்தேன். எங்க வீட்டுக் கூடத்துலயே அவன நாலு தடவ கீழ தள்ளுனீங்க.”

“நம்ம கையில இருக்கறது கம்பெனி அறிக்கை...”

அவள் கைபேசியை மேசைமேல் வைத்தாள். துருப்பிடித்த இரும்பு வளையத்தின் படம். அதன் கீழே, மூன்று நாளுக்கு முந்தைய அண்ணன் குரல்: “குட்டி, இதுலதான் எங்க உசுரு தொங்குது பாரு. மேஸ்திரிகிட்ட சொன்னா, நீ சாகறதுக்குள்ள மாத்திடலாம்டாங்கறான்.” குரல் சிரித்தது. அறையில் விசைப்பலகைகள் ஓய்ந்தன.

“இதையும் விசாரிச்சுத்தான்மா போடணும்.”

“அவன் பெல்ட் போடலன்னு விசாரிச்சா போட்டீங்க? கம்பெனிக்காரன் கண்ணுக்கு வெண்ணெய், என் அண்ணன் கண்ணுக்குச் சுண்ணாம்பா?”

அண்ணனோடு பக்கத்துப் பலகையில் தொங்கிய பெயின்டரை அவளே அழைத்து, கைபேசியை ஆசிரியரிடம் நீட்டினாள். “பெல்ட்டோடதான் சார் விழுந்தாரு,” என்றான் அவன். “மேல மாட்டியிருந்த வளையமும் பேந்து அவரோடயே வந்துருச்சு. எந்த ஸ்டேஷன்ல வேணாலும் சொல்றேன்.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “ரெண்டு மணிச் செய்திக்கு முன்னாடி முடிச்சுருவியா?”

அவள் மொட்டைமாடியைக் கட்டினாள். கைப்பிடிச் சுவர், அதில் வளையம். துருவின் நிறத்தை அண்ணன் எடுத்த படத்திலிருந்தே எடுத்தாள். தாடிக்காரன் கேட்காமலேயே பொம்மைக்கு பெல்ட் மாட்டினான். கேமரா அதே இடுப்பில் தொடங்கியது. அங்கிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. பழைய ஃபிரேமின் விளிம்பைத் தாண்டி ஒரே ஓர் அடி. வளையத்தில் வந்து நின்றது. அதற்குமேல் அவள் புள்ளி வைக்கவில்லை. பொம்மை விழவில்லை.

“பழசு தப்புன்னு சொல்லணும் சார்.”

“அதெல்லாம் நம்ம வழக்கமில்லம்மா.”

“பொய் சொல்றது மட்டும் வழக்கமா?” கீழே ஓடும் வரியில் அவளே அடித்தாள்: ‘காலையில் ஒளிபரப்பிய காட்சி தவறானது.’ ஆசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய தொலைபேசி அடித்தது. கம்பெனியாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவும் இல்லை, அந்த வரியை அழிக்கச் சொல்லவும் இல்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணனை மூன்றரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போட்டிருக்கவில்லை. கழுத்துவரை வெள்ளைத் துணி. ஒரு கையைத் தங்கை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்களில் நீல வண்ணம் அப்படியே இருந்தது. பழந்துணியை வண்ணம் போக்கும் தின்னரில் நனைத்துவந்து கட்டைவிரலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அண்ணி எட்டி அந்தத் துணியை வாங்கினாள். நான்காக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, நீலம் அப்பிய அந்தக் கையை எடுத்து, வெள்ளைத் துணிக்கு வெளியே, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தாள்.