சொல்லாத தலைவலி

அடையாள அட்டையைத் தேடி அண்ணனின் அலமாரியை மூன்றாவது முறையாகக் கலைத்துக்கொண்டிருந்தாள். அதன் நகல் இருந்தால்தான் உடலைக் கொடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடியும் நேரத்தில் அண்ணனின் உயிர் போனது. இப்போது மணி பத்து. முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு ஒரு அட்டையை ஒழுங்காக ஓரிடத்தில் வைக்கத் தெரியவில்லை.

கூடத்தில் சித்தப்பா, வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லா நடமாடிட்டு இருந்தவன். காய்ச்சலா, வலியா, ஒண்ணுமில்ல. கழுத்தைக் கீறி என்னமோ எடுக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க. இப்பப் பாரு."

யார் கூட்டிக்கொண்டு போனது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணனுக்கு வீட்டில் இந்தத் தங்கையைத் தவிர வேறு யார்?

நல்லா இருந்தாராம். இரண்டு மாதத்துக்கு முன் சாப்பிடும்போது வலது கையிலிருந்து தம்ளர் நழுவியதைச் சித்தப்பா பார்த்தாரா? வாய் கோணி, தண்ணீர் என்ற சொல்கூட வராமல் கால் மணி நேரம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை? சரியானதும், "தூக்கக் கலக்கம், விடு" என்றார். அவள் விடவில்லை. ஸ்கேனில் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய், இடது பக்கம், கொழுப்புப் படிந்து முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அடுத்த தடவை பெரிதாக வரலாம், சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு அதிலேயே ஆபத்து உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"அந்த ரெண்டு மூணு பேர்ல நான் இருந்தா?" என்று கேட்டார் அண்ணன்.

"மிச்சப் பேர்ல இருக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

வாரத்துக்கு ஒரு சாக்கு. ஒரு கட்டடத்தில் லிஃப்டின் இரும்புக் கயிறு மாற்றணும், இன்னொன்றில் சோதனைக்கு ஆள் வருகிறார்கள். ஆறு வாரம் மல்லுக்கட்டித்தான் சம்மதிக்க வைத்தாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, கண்ணாடியில் தையலைப் பார்த்து, "காலருக்குள்ள மறைஞ்சிடும்" என்று சிரித்தார். ஐந்தாம் நாளான நேற்றுக் காலை குளியலறையில் விழுந்து கிடந்தார். வருடக்கணக்கில் குறைவாகப் போன ரத்தம், அடைப்பு நீங்கியதும் வேகமாகப் பாய்ந்து மூளைக்குள் கசிந்துவிட்டது, அபூர்வமாக இப்படி ஆகும் என்றார் டாக்டர்.

"முன்னாடி தலைவலின்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல டாக்டர். ஒரு தடவைகூடச் சொல்லல."

வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து எச்சரித்திருந்தார்கள். கடுமையான தலைவலி வந்தால் உடனே வரவேண்டும், பிரஷரைக் குறைத்துச் சமாளிக்கலாம். அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, காலையும் மாலையும் கேட்டாள். "இல்லம்மா. போலீஸ்காரி மாதிரி விசாரிக்காத" என்றார்.

கடைசியில் அடையாள அட்டை, கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டைப் பையில் கிடைத்தது. அதனோடு ஒரு தலைவலி மாத்திரைப் பட்டையும். பத்தில் எட்டுக் குழி காலி. சுற்றியிருந்த மருந்துக்கடைச் சீட்டில், அவர் விழுந்ததற்கு முந்தின நாள் தேதி.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவர் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று தெருமுனைவரை போனது இதற்குத்தான். ஒரே நாளில் எட்டு. சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள் என்று. ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது. விடுவதற்கு ஆளில்லை.

பட்டையைக் கைக்குள் மடக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"கெடச்சுதா?" என்றார் சித்தப்பா. பிறகு, யாரையும் பார்க்காமல், "வற்புறுத்தாம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான்."

அவள் வாய் திறந்தாள். சொன்னால் பழி முழுவதும் அண்ணன் மேல் திரும்பும். விரல்களுக்குள் பட்டை கசங்கியது.

"கெடச்சிருச்சு. நகல் எடுத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு அண்ணனின் போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்துக் காவலாளி.

"அண்ணே, லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணுது. கதவு மூடுது, மூடுன உடனே தொறந்துக்குது."

"நான் அவர் தங்கச்சி பேசறேன்."

"அவர் எப்ப வருவாரும்மா? சக்கர நாற்காலியில ஒரு அம்மா ரொம்ப நேரமா காத்துட்டிருக்காங்க."

அவள் பதில் சொல்லத்தான் நினைத்தாள். சாப்பாட்டு மேசையில் அண்ணன் போனில் நூறு தடவை சொல்லிக் கேட்டதுதான் வாயில் வந்தது.

"கதவு ஓடுற தடத்துல கல்லு கில்லு ஏதாவது மாட்டியிருக்கா பாருங்க."

காலடிச் சத்தம். ஏதோ சுரண்டும் சத்தம்.

"சட்டைப் பொத்தான் ஒண்ணு கெடந்துச்சும்மா. எடுத்துட்டேன். ஓடுது இப்ப. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள்.

போனில் சார்ஜ் இறங்கி சிவப்புக் கோடு காட்டியது. அண்ணனின் சார்ஜரை எங்கெங்கோ தேடி எடுத்து, போனைச் செருகி வைத்தாள்.