லூர்தம்மாவின் டப்பா

குக்கர் விசிலடித்தபோது பிரிஜெட்டின் ஒரு கையில் சூடேறிய சால்டரிங் ராடும் மறு கையில் மெல்லிய சிவப்பு ஒயரும் இருந்தன. அடுப்பை அணைக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். ஆண்டவர் அதைக் கொடுக்காததால் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

மமதா வந்து அடுப்பை அணைத்தாள். சமையல்மேடையில், நறுக்கிய பீன்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஒயர்கள் தொங்கின. அழுது சிவந்த மமதாவின் கண்ணில் இப்போது கோபமும் ஏறியது.

"அண்ணி, அம்மா அங்க இழுத்துட்டு கெடக்கறாங்க. இப்பப் போயி ரேடியோ ரிப்பேரா?"

"ரேடியோ இல்லம்மா. உங்க அம்மாவோட வாய்."

இந்த மாதிரிப் பேச்செல்லாம் பிரிஜெட்டுக்குப் பழக்கம். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணமாகி லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்த ஆராய்ச்சிக்கூடம் சமையல்மேடையின் ஓரம்தான். இட்லி வேகிற நேரத்தில் ஓர் இணைப்பு, பருப்பு வேகிற நேரத்தில் இன்னொன்று என்று அவள் காரியம் நடந்தது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய உதிரிகளுக்கும் ஓர் அஞ்சறைப்பெட்டி வைத்திருந்தாள். ஒருநாள் ரசத்தில் ரெஸிஸ்டர் மிதந்தது. அவள் கணவன் அமல் அதைக் கறிவேப்பிலையோடு சேர்த்து ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தான். வீட்டில் ஒரு வேலையும் நிற்காதபோது யார் என்ன சொல்லிவிட முடியும்?

மாமியார் லூர்தம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் போனபோது, அந்த மேடையோரத்தில்தான் டப்பா பிறந்தது. மூடியில் வரிசையாகக் காலிங்பெல் சுவிட்சுகள். ஒவ்வொன்றையும் அமுக்கினால் ஒரு சொல் கேட்கும். தண்ணி. திருப்பிப் படுக்க வை. ஆமா. வேணாம். பதிவு செய்ய வேறு ஆள் அகப்படாததால் எல்லாமே பிரிஜெட்டின் குரல். ஆக, மாமியார் மருமகளின் குரலிலேயே மருமகளை வேலை வாங்கினாள். அதிலும் திருப்தி வராமல் இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிரிஜெட் யோசித்துப் பார்த்து, "திட்டணுமா அத்தே?" என்று கேட்டதும் கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது. 'அறிவு கெட்டவளே' என்று பிரிஜெட் தன்னைத்தானே மனசாரத் திட்டிப் பதிவு செய்தாள். டப்பாவில் சீக்கிரம் தேய்ந்த பொத்தான் அதுதான்.

கடைசிப் பொத்தான் வந்த கதை வேறு. கிழவியின் மூத்த மகன் க்ளென் மைசூரிலிருந்து வந்திருந்தபோது அமலிடம் பேசிக்கொண்டிருந்தான். புதுக் குழிக்கு அலைய வேண்டாம், காலம் வந்தால் அப்பாவின் குழியையே திறந்துகொள்ளலாம், கல்லில் அம்மா பெயருக்கு இடம்கூட விட்டிருக்கிறேன் என்றான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புருஷன் குழியில் பெண்சாதியை வைப்பது வழக்கம்தான். அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு கிடந்த லூர்தம்மா, க்ளென் ஊருக்குக் கிளம்பியதும் 'வேணாம்' பொத்தானை விடாமல் அடித்தாள். பிரிஜெட் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கஞ்சி வேணாமா? டீவி வேணாமா? கடைசியில், "மாமாவோட குழி வேணாமா அத்தே?" என்றபோது டப்பா 'ஆமா' என்றது. கிழவி கண்ணீர் விட்டாள். அன்றைக்கே பிரிஜெட் இன்னொரு பொத்தானை வைத்து அதில் பேசினாள்: 'என்னை அவரோட வைக்காதீங்க.'

அண்ணனிடம் அமல் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தடவை வரட்டும், அடுத்த தடவை வரட்டும் என்று தள்ளிப்போட்டான். அப்பா என்றால் க்ளெனுக்கு உயிர். இப்போது டாக்டர் கையை விரித்தாயிற்று, க்ளென் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். காலையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது டப்பா கீழே விழுந்து மொத்தமும் ஊமையாகிவிட்டது. லூர்தம்மாவின் விரல் மட்டும் போர்வையில் பொத்தானைத் தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பிரிஜெட் குழம்புக்குப் புளி கரைப்பதை அப்படியே விட்டுவிட்டு ராடைச் சொருகினாள்.

அமல் சமையலறை வாசலில் வந்து நின்றான். "சரியாகலன்னா விடு பிரிஜெட். நானே அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"எப்போ? மண்ணு போட்டப்புறமா? நீங்க சொல்றதுன்னா எப்பவோ சொல்லியிருப்பீங்க. ஸ்வல்ப நவுருங்க, வெளிச்சம் மறைக்குது."

அவன் நகர்ந்துகொண்டான். ஈயம் உருகிப் புகை எழுந்தது. அதே நேரத்தில் தெருக்கதவு திறந்து க்ளென் உள்ளே வந்தான். வந்தவன் மூக்கை உறிஞ்சிவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"சாம்பிராணி போட்டாச்சா? அம்மா போயிட்டாங்களா?"

"இல்ல அத்தான், இல்ல. இது ஈயக் கம்பியில இருக்கிற குங்கிலியப் புகை. அத்தை உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க" என்று பிரிஜெட் மூடியைத் திருகினாள். கை கழுவி, புளியை ஊற்றி, தீயைத் தணித்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

இடது கைக்கு அடியில் அதை வைத்தாள். "அத்தே, ரெடி. பேசுங்க."

'அறிவு கெட்டவளே' என்றது டப்பா. தாமதத்துக்கான பூசை அது. அழுதுகொண்டிருந்த மமதா சிரித்துவிட்டாள். பிறகு அந்த விரல் மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது. 'என்னை அவரோட வைக்காதீங்க.'

க்ளென் நிமிர்ந்தான். "என்னது இது? இது உன் குரல்மா."

"குரல் என்னுது அத்தான். பேச்சு அவங்களுது."

"நீ என்ன வேணா ரெக்கார்ட் பண்ணலாம். எந்த பட்டன் எதுன்னு அம்மாவுக்கு இப்ப என்ன தெரியும்?"

அமல் ஜன்னலைப் பார்த்தான். பிரிஜெட்டுக்குக் கோபம் வந்தது, ஆனால் டப்பாவின் மேலும் மாமியாரின் மேலும் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்தது. "அப்ப நீங்களே கேளுங்க. நான் இங்க நிக்கல" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கிளறினாள்.

கிளறிக்கொண்டே தன் குரலை ஒட்டுக் கேட்டாள்.

"அம்மா, நான் க்ளென்தானே?"

'ஆமா.'

"இவ பேரு பிரிஜெட்டா?" மமதாவைத்தான் காட்டியிருப்பான்.

'வேணாம்.' 'இல்லை'க்குத் தனிப் பொத்தான் கிடையாது. கிழவி இருப்பதை வைத்துச் சமாளித்தாள்.

கட்டில் பக்கமாக நாற்காலி இழுபட்டது.

"அப்பாகூட வேணாமாம்மா?"

'ஆமா.'

"நெஜமாவா?"

'ஆமா. ஆமா.'

"ஏம்மா?"

அதற்குப் பொத்தான் இல்லை. பிரிஜெட் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். க்ளென் அம்மாவின் இடது கையைத் தன் கையில் எடுத்து வைத்திருந்தான். மணிக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்து புடைத்திருந்த இடத்தை அவன் கட்டைவிரல் தடவிக்கொண்டிருந்தது.

"இது எப்படா ஒடிஞ்சது அமல்?"

"நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ."

"படியில உருண்டுட்டாங்கன்னு அப்பா சொன்னாரே."

அமல் ஜன்னலிலிருந்து திரும்பினான். "அப்ப நாம இருந்த நீலசந்திரா வீட்டுக்கு ஏதுண்ணா படி?"

க்ளென் அம்மாவின் கையை விடவில்லை. வெயில் இறங்கும்போது லூர்தம்மாவின் மூச்சு நின்றது. அந்தக் கை அப்போதும் அவனிடமே இருந்தது.

பிரிஜெட் வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் அவளோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்ற ஒரே ஆள் போய்விட்டாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து உப்புமாவும் காபியும் வந்தன. வந்தவர்களுக்குப் பரிமாறக்கூட அவளை விடவில்லை. வேலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் குழிக்கு இடம் பார்க்க அண்ணனும் தம்பியும் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். அமலை நம்பி அனுப்புகிற அளவுக்கு அவளுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

குழி வெட்டும் முனிராஜ் இவர்களுக்கு முன்பே வந்து, அப்பாவின் குழியைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிவிட்டுக் கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்திருந்தான். எத்தனையோ குடும்பங்களுக்கு அவன் செய்கிற வழக்கமான வேலைதான் அது.

"அது இல்ல முனிராஜ்" என்றான் க்ளென். "புதுக் குழி. ஃபாதர்கிட்ட பேசியாச்சு."

முனிராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். "அப்போ இங்கயே பக்கத்துல எடம் இருக்கு சார். அய்யாவும் அம்மாவும் ஜோடியா இருப்பாங்க."

அமல் தலையைக் குனிந்துகொண்டான். பிரிஜெட் பேச வாயைத் திறந்தாள். அதற்குள் க்ளென் நடக்கத் தொடங்கிவிட்டான். சிலுவைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, பஸ் சத்தம் கேட்கிற காம்பவுண்டுச் சுவர்ப் பக்கமாகப் போனான். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முனிராஜ் பின்னால் ஓடினான்.

"இங்க சரியா சார்?"

க்ளென் நின்று, திரும்பி அப்பாவின் கல்லைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றான்.